மோட்டார் ரூமில் ஒரு கிழவர்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பல வருஷமாக வேலை செய்கிறேன். படம் எடுப்பது முதலாளி. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது நான். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் முக்கால்வாசிப் பேருடைய முகம் ஒரு தடவையாவது என் மவுஸுக்கு அடியில் வந்து போயிருக்கும். பருவை எடுப்பேன், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பை எடுப்பேன், நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன். யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே செய்ய வேண்டிய வேலை அது.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்குப் போகலாம் என்று எழுந்த நேரத்தில், ஒரு பெண் பென்டிரைவோடு வந்தாள். சின்ன வயது. ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து, சனி ஞாயிறுகளில் ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறவள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றுதான்.

“அக்கா, இத பெருசா பிரிண்ட் போடணும். கலர் அப்படியே வரணும். தயவுசெஞ்சு பளிச்சுன்னு ஆக்கிடாதீங்க.”

திறந்து பார்த்தேன். குறுந்தாடி வைத்த ஒரு கிழவரின் முகம். ஐரோப்பாவில் எப்போதோ வரைந்த படம். பின்னால் ஒன்றுமில்லை, இருட்டு. பழுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளையாக ஒரு துணி. இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்து பாதி முகம் தெரிந்தது, மீதிப் பாதி இருட்டோடு இருட்டாகப் போயிருந்தது. பிரிண்ட் போடுவதற்கு முன்னால் எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். கன்னத்தைப் பெரிதாக்கினேன். அங்கே பச்சை இருந்தது.

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து வேறொரு படத்தைத் திறந்து பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் கிழவருக்கு வந்தேன். தாடைக்குக் கீழே பச்சை. கண் குழியில் சாம்பல். மூக்கு நுனியில் செங்கல் சிவப்பு. நெற்றியில் மாவு போலக் கெட்டியான வெளிர்மஞ்சள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பூச்சு. ஆனால் சின்னதாக்கினால் தோல். வாழ்ந்து களைத்த ஒரு மனுஷனுடைய தோல். இத்தனை வருஷமாகத் தோலோடுதான் வேலை செய்கிறேன், ஆனால் அதற்குள் இத்தனை நிறம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“இவரு யாருங்க?” என்று கேட்டேன்.

“வரைஞ்சவரு பேரு தெரியும்க்கா. இந்தக் கெழவரு யாருன்னு யாருக்குமே தெரியாது.”

“பிரிண்ட் எதுக்கு?”

“பாத்து வரையத்தான். ஆயில் பெயின்ட்ல. பெரிய பெரிய ஓவியருங்களே முன்னாடி இருந்தவங்க படத்த காப்பி பண்ணித்தான் கத்துக்கிட்டாங்க. நான் காலேஜ்ல சரியா பண்ணல. இப்பப் பண்ணலாம்னு இருக்கேன்.”

பிரிண்ட் எடுத்தேன். நிறம் ஒத்து வரவில்லை. மறுபடி எடுத்தேன். மூன்றாவது பிரிண்ட் வரும்போது என் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அவள் கையில் கொடுத்துவிட்டு, வாய் தானாகக் கேட்டது.

“எனக்கும் இதச் சொல்லித் தருவீங்களா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. “வாங்கக்கா. ஆனா பசங்களோடதான் உக்காரணும், பரவாயில்லீங்களா?”

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் போனேன். மாடியில் பாய் விரித்து, பிள்ளைகள் மலையும் சூரியனும் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் என் பக்கத்தில் நகர்ந்து வந்து, “ஆன்ட்டி, நீங்க எத்தனாவது?” என்றாள். நான் ஒன்றாவது என்றேன். அவள் நம்பவில்லை. சொல்லித் தருகிறவளை எல்லாப் பிள்ளைகளும் மிஸ் என்று கூப்பிட்டதால் எனக்கும் அதுவே பழகிவிட்டது. “ஐயோ, பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா” என்று கெஞ்சினாள். என் வாயில் மிஸ் என்பதுதான் வந்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

கொஞ்ச நாள் கரியால் முட்டையும் சொம்பும் வரைய வைத்தாள். பிறகு கிழவரின் பிரிண்ட் ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

“நீங்களும் இதையே பண்ணுங்கக்கா. இது முடியற வரைக்கும் வேற படம் கெடையாது. போர் அடிச்சாலும் இதுதான், அழுகை வந்தாலும் இதுதான்.”

நாலு டியூப் பெயின்ட் கொடுத்தாள். வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், ஒரு சிவப்பு. அவ்வளவுதான்.

“பச்சை?” என்றேன்.

“கறுப்பையும் மஞ்சளையும் கலந்து பாருங்க.”

கலந்தேன். பாசி பிடித்த தொட்டியின் நிறத்தில் ஒரு பச்சை வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் சேலையை இழுத்து மூடிக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் போதாது, வீட்டிலும் வரைய வேண்டும் என்றாள் மிஸ். வீட்டில் டர்பன்டைன் பாட்டிலைத் திறந்த முதல் நாளே மாமனாருக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. ஆயில் பெயின்ட்டை இளக்குவதற்கும் பிரஷ் கழுவுவதற்கும் டர்பன்டைன் வேண்டும், அதன் நாற்றம் வீடு முழுக்க நிற்கும். என் கணவர் தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தவர் எழுந்து வந்து, மாமனாரைத் தாங்கி வாசலில் உட்கார வைத்தார்.

“வூட்டுக்குள்ள இது ஆவாதும்மா” என்றார். கோபமாக இல்லை. ஆனால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது தெரிந்தது.

விட்டுவிடலாமா என்று நினைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வேறு எங்கே என்றுதான் யோசித்தேன். என் அண்ணனுக்கு அதியமான்கோட்டைப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. போர்வெல்லுக்குப் பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட்டருக்கென்று ஒரு சின்ன ரூம் கட்டியிருந்தார். உர மூட்டை, மண்வெட்டி, பழைய பைப் எல்லாம் அங்கேதான் கிடக்கும். கதவு வடக்குப் பார்த்தது, வெயில் நேராக உள்ளே விழாது. படம் வரைய அந்த வெளிச்சம்தான் நல்லது என்று மிஸ் சொல்லியிருந்தாள்.

அண்ணனிடம் கேட்டேன். “மோட்டார் ரூம்ல படமா? பாம்பு வரும் பாப்பா” என்றார்.

“வந்தா வெளிய போயிர்றேண்ணா.”

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணி என்னைவிட மூத்தவர், ஒல்லியான உடம்பு, வாய் ஓயாது. அவரே ஒரு மூலையில் இருந்த மூட்டைகளை நகர்த்தி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக மோட்டார் ரூம்தான். மற்ற நாட்களில் ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம். பழைய மர ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்து, அதன் படியில் கான்வாஸை நிறுத்திக்கொள்வேன். மோட்டார் ஓடும்போது தரையே அதிரும், ஏணியும் அதிரும். கோடு நேராக வேண்டுமென்றால் அண்ணன் தண்ணீரை நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டும். கொசுவும் ஈசலும் ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை ஊக்கு முனையால் எடுப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும்.

முதலில் பழுப்பு நிறத்தை மட்டும் மெல்லியதாகத் தடவி, துணியால் துடைத்துத் துடைத்து வெளிச்சம் விழும் இடங்களை எடுக்க வேண்டும். அப்போதே முகம் வந்துவிடும். நிறம் பிறகுதான். எனக்கு அந்த வேலை பிடித்தது. பழுப்பில் கிழவர் ஓரளவுக்குக் கிழவராகவே வந்தார். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பெருசு யாரு கண்ணு, சொந்தமா?” என்றார். அதிலிருந்து அவருக்கு அது பெருசுதான்.

நிறம் போட ஆரம்பித்தபோதுதான் அடி விழுந்தது. பெயின்ட்டோடு கலக்க ஆளிவிதை எண்ணெய் வேண்டும். மிஸ் கொடுத்தது தீர்ந்துபோனதால், ஹார்டுவேர் கடையில் விசாரித்து ஒரு கேன் வாங்கி வந்தேன். பெயர் அதேதான். மணமும் கிட்டத்தட்ட அதேதான். நிறைய ஊற்றிக் கலந்தேன். பிரஷ் வழுக்கிக்கொண்டு போனது, கன்னம் பளபளவென்று வந்தது. நான் ரொம்பச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சில நாள் கழித்துப் பார்த்தால், பாலில் ஆடை படிந்த மாதிரி மேலே ஒரு தோல் கட்டி, முகம் முழுக்கச் சுருங்கிப் போயிருந்தது. கிழவருக்கு இருந்த சுருக்கங்கள் போதாதென்று நான் வேறு கொடுத்திருக்கிறேன். தொட்டால் உள்ளே இன்னும் பிசுபிசுப்பு. மிஸ்ஸுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அக்கா, அது கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற எண்ணெய்க்கா! காய்ச்சின எண்ணெய். அதுவும் அடிப் பூச்சுல இவ்ளோ ஊத்தவே கூடாது. கீழ எண்ணெய் கம்மி, மேல போகப் போகத்தான் சேக்கணும். இல்லன்னா இப்படித்தான்.”

“இப்ப என்ன பண்றது?”

“சுரண்டணும்க்கா.”

சுரண்டினேன். தோசைக் கரண்டி மாதிரி இருக்கும் தகட்டை வைத்து, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும். அன்றைக்கு வந்த என் கணவர் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார். “நல்லாத்தான இருந்துச்சு, ஏன் எடுக்கற?” என்றார். சுரண்டிய பெயின்ட்டைப் பேப்பரில் மடித்துப் போட்டுவிட்டு, துணிகளால் கான்வாஸைத் துடைத்து, அவற்றை மூலையில் எறிந்தேன். அண்ணன் அந்தத் துணிகளை எடுத்து முகர்ந்து பார்த்து, ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டினார்.

“பாப்பா, இங்க கரண்ட்டு இருக்குது. இந்த எண்ணெத் துணிய இப்படிக் குவிச்சு வெச்சீன்னா என்னிக்காச்சும் பத்திக்கும். வரையறதுன்னா ஒழுங்கா வரை. இல்லன்னா ரூமைக் காலி பண்ணு.”

அவர் சொன்னது நியாயம். மறுநாளே மூடி போட்ட தகர டப்பா ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, துணிகளை அதில் போட ஆரம்பித்தேன். புதிய கான்வாஸ், முதலிலிருந்து பழுப்பு.

இரண்டாவது கிழவர் பாதியில் இருக்கும்போது மிஸ்ஸுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரையும் கம்பெனி. சொல்ல வந்தபோது அவளே சங்கடத்தோடு நின்றாள். அவள் ஆரம்பித்த காப்பி கோடு போட்டதோடு நின்றிருந்தது.

“நான் முடிக்கலக்கா. நீங்களாச்சும் முடிங்க.”

“முடிப்பேன் மிஸ்” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவள் போன பிறகு ரொம்ப நாள் முகம் நகரவில்லை. நிறமெல்லாம் கிட்டத்தட்டச் சரி. அளவும் சரி. ஆனால் பார்த்தால் பொம்மை. துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குத் தாடி ஒட்டிய மாதிரி இருந்தது. பிரிண்ட்டையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பேன். எது குறைகிறது என்று பிடிபடவில்லை. அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு வரும்போதெல்லாம், “பெருசு இன்னும் வாயத் தொறக்கலையா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

போனில் மிஸ்ஸிடம் சொன்னேன். “நீங்க நெசமான ஆயில் பெயின்ட்டிங் ஒண்ணுகூட நேர்ல பாத்ததில்ல, அதான்” என்றாள். “பிரிண்ட்டு தட்டையா இருக்கும்க்கா. ஒரு நாள் இங்க வாங்க.”

ஸ்டுடியோவில் லீவு சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறினேன். மிஸ் என்னை ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளே ஒரு அறையில் வரிசையாகப் பழைய எண்ணெய் ஓவியங்கள். எங்கள் கிழவர் அங்கே இல்லை, அவர் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறார், அவரை நான் நேரில் பார்க்கப் போவதில்லை. ஆனால் தலைப்பாகை கட்டிய யாரோ ஒரு பெரிய மனிதரின் முகம் இருந்தது. நேரே பார்க்காமல், சுவரோடு ஒட்டி நின்று பக்கவாட்டில் பார்க்கச் சொன்னாள் மிஸ்.

ஜன்னல் வெளிச்சம் படத்தின் மேல் சாய்ந்து விழுந்தது. நெற்றியிலும் மூக்கின் மேலும் பெயின்ட் மேடாக நின்றது, சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி. இருட்டுப் பக்கத்திலோ ஒன்றுமே இல்லை. துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மெல்லிசு. அடியில் இருந்த பழுப்புதான் அங்கே நிழலாக நின்றது. நானோ எல்லா இடத்திலும் ஒரே கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தேன். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் ஒரே மாதிரி.

எனக்குத் தெரியாமலே மூக்கு படத்தில் இடிக்கும் தூரத்துக்குப் போய்விட்டேன் போலிருக்கிறது. காவலாளி ஓடிவந்தார்.

“முட்ட பேடி, முட்ட பேடி!”

தொட வேண்டாம் என்கிறார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கன்னடம்தான், எனக்குப் புரியும். “முட்டில்ல சார், நோட்தா இதீனி” என்றேன், தொடவில்லை, பார்க்கிறேன் என்று. அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார். அறை மூடும் வரை உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்ததும் நிழல் பக்கம் முழுவதையும் துடைத்து எடுத்தேன். அந்தப் பாதி முகத்தைப் பழுப்போடு விட்டுவிட்டு, மேலே ஒரு மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்தேன். நெற்றியில் கெட்டியாக வைத்தேன், வைத்ததைத் தடவாமல் விட்டேன். கை தானாகத் தடவப் போகும். ஸ்டுடியோவில் பழகிய கை அது, மழமழவென்று ஆக்கினால்தான் அதற்கு நிம்மதி. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்த நாட்கள் உண்டு.

கடைசியாக நின்றது நிழல் பக்கத்துக் கண். எத்தனை தடவை போட்டு எத்தனை தடவை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. இமை, கருவிழி, அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி என்று ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும், ஆனால் இருட்டிலிருந்து ஒரு கண் மட்டும் டார்ச் அடித்த மாதிரி முழிக்கும். ஒரு காலையில் எரிச்சலில் பிரிண்ட்டையும் கான்வாஸையும் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். எப்போதோ மிஸ் சொன்ன உபாயம் அது, நான் காதில் வாங்கியிருக்கவில்லை. தலைகீழாகப் பார்த்தால் அங்கே கண்ணே இல்லை. ஒரு கரிய தீற்று, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் சாம்பல், ஓரத்தில் மங்கிய சிவப்பு. அவ்வளவுதான் வரைந்தவர் வைத்திருந்தார். கண் என்று நினைக்காமல், அந்த மூன்று தீற்றுகளையும் பார்த்த இடத்தில் பார்த்தபடி வைத்தேன். திருப்பி நிறுத்தினேன்.

கிழவர் என்னைப் பார்த்தார்.

வெளியே ஓடிப்போய் அண்ணியைக் கூப்பிட்டேன். களை எடுத்துக்கொண்டிருந்தவர் மண் கையோடு வந்து வாசலில் நின்றார். வழக்கமான கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு, “சாப்புட்டீங்களான்னு கேக்கணும்போல இருக்குது கண்ணு” என்றார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்த மிஸ், பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக மோட்டார் ரூமுக்கு வந்தாள். கிட்டே பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். “மூக்கு கொஞ்சம் நீளமாயிருச்சு. காலர் இன்னும் மங்கலா இருக்கணும்” என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தோலு தோலா இருக்குக்கா. இனிமே காப்பி வேணாம். உசுரோட இருக்கற ஆள உக்கார வைங்க.”

என் கணவரைக் கேட்டேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணிதான், “நான் உக்கார்றேன், என்னைய வரை” என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டார். “ஆனா பவுடர் போட்டுக்கிட்டு வந்தர்றேன்.”

“வேணாம் அண்ணி. அப்படியே உக்காருங்க.”

பிரிண்ட் அசையாது. அண்ணி அசைந்துகொண்டே இருந்தார். மாடு கத்தினால் திரும்புவார், போன் அடித்தால் எழுந்துவிடுவார். வெளிச்சமும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆனாலும் பழுப்பில் சாயல் பிடிபட்டது. இரண்டு மூன்று ஞாயிறுகளில் நிறத்துக்கு வந்தேன்.

உதட்டுக்குக் கலந்த சிவப்பு ஒட்டவில்லை. குறைத்தேன். இன்னும் குறைத்தேன். சாம்பலும் மஞ்சளும் சேர்க்கச் சேர்க்கத்தான் அவருடைய உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது. கன்னத்துக்கும் அப்படியே. நான்தான் தப்பாகக் கலக்கிறேன் என்று நினைத்து, அதே வெளிச்சத்தில் என் உள்ளங்கையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன். என் கையில் சிவப்பு இருந்தது. அவர் முகத்தில் இல்லை.

“அண்ணி, கையக் காட்டுங்க.”

நகங்கள் சுண்ணாம்பு மாதிரி இருந்தன. கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே வெளுத்திருந்தது.

“என்னா கண்ணு, படம் வரையறியா, வைத்தியம் பாக்கறியா?”

“மூச்சு வாங்குதா அண்ணி உங்களுக்கு?”

சிரிப்பு நின்றது. கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டார், அண்ணன் தூரத்தில் வாய்க்கால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார். “மாசத்துல பாதி நாளு எனக்கு ரத்தமாப் போவுது கண்ணு. ரொம்ப நாளா. வயசு ஆவுதில்ல, நிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க. இதப் போயி யாருகிட்ட சொல்றது.”

பிரஷ்ஷைக் கழுவக்கூட இல்லை. மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்குப் போகாமல் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வர மாட்டேன் என்று முதலில் பிடிவாதம் பிடித்தார். வீட்டு வேலை, மாடு, பறிக்க வேண்டிய அவரைக்காய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவருடைய செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டு நின்றேன். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் திட்டினார். “இவ்ளோ கம்மியான ரத்தத்தோட வயல்ல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தீங்களா? எங்கயாவது மயங்கி விழுந்திருந்தா?” அன்றைக்கே படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆபரேஷன் செய்தார்கள்.

ஆபரேஷன் நடந்த நாள் அண்ணனும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “நான் தெனமும் பாக்கறவன் பாப்பா. எனக்குத் தெரியலயே” என்றார்.

“நானுந்தான் தெனமும் பாத்தேண்ணா. உக்கார வெச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.”

அவர் தலையாட்டினார். எழுந்து போய் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அண்ணி எழுந்து நடமாட நாளாயிற்று. அதுவரை வீட்டுச் சமையல் அண்ணன்தான், உப்பு போட மறந்த குழம்பைப் பற்றி அண்ணி என்னிடம் போனில் புகார் சொல்வார். நான் காலையில் மோட்டார் ரூமுக்குப் போய்க் காலி ஸ்டூலை வரைந்துகொண்டிருந்தேன். உர மூட்டையை வரைந்தேன். சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே வந்தார். முகத்தில் நிறம் ஏறியிருந்தது. பாதியில் நின்ற பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டு வேறு ஆட்கள். அண்ணியும் பார்த்தார்.

“நானா இது? செத்த பொணம் மாதிரி இருக்கேன்.”

“அப்ப அப்படித்தான் இருந்தீங்க.”

“இதுக்கு மேலயே சிவப்பு அடிச்சிருவியா?”

யோசித்தேன். அடித்திருக்கலாம், காய்ந்துதான் இருந்தது. எனக்கு மனம் வரவில்லை. “இது இருக்கட்டும் அண்ணி. புதுசாப் போடலாம்” என்று பழையதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, புதுக் கான்வாஸை ஏணியில் நிறுத்தினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தார்.

“அசையக் கூடாது அண்ணி.”

“மூஞ்சிய அசைக்க மாட்டேன். கை சும்மா இருந்தா எனக்குத் தூக்கம் வருது. டாக்டரம்மா கனமாத்தான் தூக்கக் கூடாதுன்னாங்க, அவரக்கா உரிக்கக் கூடாதுன்னா சொன்னாங்க?”

உரிக்கிற கைகளைப் பார்த்தேன். கட்டை விரல் தோலைக் கீறி விதையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. விரல் முட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அதுவரை நான் முகத்தைத் தவிர வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. கை வரையத் தெரியாது. மிஸ்ஸுக்கு போன் போட்டேன்.

“மிஸ், கை நல்லாத் தெரியற பழைய படமா ஒண்ணு பாத்து அனுப்புங்க. வேலை செய்யற கையா இருக்கணும்.”

“மறுபடியும் காப்பியாக்கா?”

“கை வர்ற வரைக்கும்.”

போனை வைத்துவிட்டு கான்வாஸில் முகத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிக் குறித்தேன், மடியும் முறமும் படத்துக்குள் வர வேண்டுமே. அண்ணி சொன்னபடி முகத்தை அசைக்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு, அவரைக்காயை உரித்துக்கொண்டிருந்தார். கரியை எடுத்து முதலில் இரண்டு முழங்கைகளுக்கும் இடம் போட்டேன்.